இரண்டாவது மீற்றர்

டண்டினோங், மெல்பேர்ன்
12.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் மகன் சுகந்தனும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மழை விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அண்ணியின் முழங்கால் நோ கூடியிருக்கும். நத்தாருக்கு நீங்கள் போட்ட அட்டை ஐந்தாம் திகதிதான் கைக்கு வந்தது.

எனக்கென்று கட்டும் அறைக்குக் கூரை போட்டு முடிந்தது என்பதை இரண்டு தரம் வாசித்தேன். யன்னலைத் துறைமுகப் பக்கம் வைத்தது நல்லது. அடுத்த ஜனவரியில் அங்கே வந்து நிரந்தரமாக இருப்பது என்பதில் மாற்றமில்லை. இவர் போய் ஏழு வருஷமாகிறது. சுகந்தனுக்கும் முப்பத்திரண்டு வயது. நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியது ஒன்றுமில்லை.

இப்போது உங்கள் தொழில் சம்பந்தமாக ஒரு கேள்வி. இரண்டு மின்சார பில்லின் பிரதிகள் இதோடு இருக்கின்றன. இரண்டும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஒன்று போன வருஷம், மற்றது அதற்கு முந்தின வருஷம். பாவித்த அலகு இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. சுகந்தன் கம்பனியை மாற்றச் சொல்கிறான். இங்கே மின்சாரம் விற்க இருபதுக்கு மேல் கம்பனிகள் இருக்கின்றன. விரும்பியவனிடம் வாங்கலாம், விரும்பிய நேரம் மாறலாம். சுகந்தன் இரண்டைத் தெரிந்து வைத்திருக்கிறான். ஒன்றில் நாள் முழுக்க ஒரே விலை. மற்றதில் பகலில் மலிவு, பின்னேரம் மூன்று மணி முதல் ஒன்பது மணி வரை விலை கூட. அந்த விபரத் தாள்களையும் வைத்திருக்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் மீற்றர் வாசித்தவர் நீங்கள். எது நல்லது என்று எழுதுங்கள். போனில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது. அண்ணியிடம் சொன்னால் அவ பாதியைத் தன்னோடு வைத்துக்கொள்ளுவா. ஆகவே கடிதம்.

அங்கே இப்போது கரண்ட் எப்படி? அடிக்கடி நிற்கிறதா? நின்றால் எவ்வளவு நேரம்? சும்மாதான் கேட்கிறேன்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
அஞ்சலினா

*

உட்துறைமுக வீதி, திருகோணமலை
05.02.2025

அன்பின் தங்கச்சி அஞ்சலினா,

உன் கடிதம் பத்தொன்பது நாளில் வந்து சேர்ந்தது. நாங்கள் இருவரும் சுகம். அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் மாற்றியிருக்கிறது. எனக்கு வலது காது முற்றாகப் போய்விட்டது. இடது காதில் பக்கத்தில் நின்று கத்தினால் கொஞ்சம் விழும். மற்றப்படி குறை இல்லை.

இருபது கம்பனி என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டுக்கு எத்தனை கம்பி வருகிறது? ஒரு கம்பி என்றால், காற்றில் அது அறுந்து விழுந்தால் கம்பத்தில் ஏறுகிறவன் யார்? நீ காசு கட்டுகிறவன் ஏறுவானா, மற்றவனா? அது தெரியாமல் நான் ஒருவனையும் நல்லவன் என்று சொல்ல ஏலாது.

பில்லைப் பார்த்தேன். 2023இல் 690 அலகு. 2024இல் 1,420. கூடியது 730. தொண்ணூற்றிரண்டு நாளால் பிரித்தால் நாளுக்கு ஏறக்குறைய எட்டு. விலையில் மாற்றமில்லை, பாவனையில்தான். கம்பனியை மாற்ற முதல் காரணத்தைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது குளிர்ப்பெட்டி ஏதும் வாங்கினாயா? சுடுதண்ணீர் கரண்டிலா? இரண்டும் இல்லையென்றால் வயர் எங்கோ நிலத்துக்குக் கசிகிறது. பிரதான சுவிட்சை ஒரு மணித்தியாலம் இறக்கி விட்டு மீற்றரைப் பார். அப்போதும் ஓடினால் சுவிட்சுக்கு முந்தின வயரில் கசிவு. நிற்குமானால் பிழை வீட்டுக்குள். நான் எந்த வீட்டிலும் முதலில் செய்கிற வேலை இதுதான்.

உன் அறைக்குத் தனி மீற்றர் எடுக்கப் போகிறேன். ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம் என்றால் அலகு கூடிக் கூடி விலை மேலே போகும். மின்சார சபைக் கந்தோரில் அஷ்ரப் இருக்கிறான். கிண்ணியாக்காரன், என்னிடம் வேலை பழகினவன், இப்போது பரிசோதகர். படிவம் கேட்டபோது இடது காதில் கத்தினான்: “லெஸ்லி அண்ணன், ஒரு வளவுக்குள்ள ரெண்டு மீற்றர் வைக்கிற ஆக்களை முப்பது வருஷமாப் பிடிச்சுத் தந்தீங்க. இப்ப உங்களை ஆர் பிடிக்கிறது?” கந்தோர் முழுக்கச் சிரித்தது. தங்கச்சி தனிக் குடித்தனம் என்று சொல்லிப் படிவத்தை எடுத்து வந்தேன்.

கரண்ட் இப்போது நல்லது. 2022 மாதிரி இல்லை. போவது மிகக் குறைவு, போனாலும் உடனே வரும். அதைப் பற்றி யோசிக்காதே.

சுகந்தனுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

அண்ணன்,
லெஸ்லி

*

டண்டினோங்
02.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் காது விஷயம் கேட்டு மனவருத்தம். இங்கே நாங்கள் சுகம். ஞாயிறு தோறும் தமிழ்ப் பூசைக்குப் போகிறேன், சுகந்தன் கொண்டுபோய் விடுகிறான்.

கம்பத்தில் ஏறுகிறவன் யார் என்ற கேள்வியைச் சுகந்தனிடம் கொடுத்தேன். கம்பி வேறு ஒரு கம்பனியுடையது என்கிறான். எங்கள் பகுதிக்கு அது ஒன்றுதான், அதைத் தெரிவு செய்ய ஏலாது. நாங்கள் தெரிவு செய்கிறவன் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி எங்களுக்கு விற்று பில் அனுப்புகிறவன். அவனுக்கு ஏணியும் இல்லை, குறடும் இல்லை, போன் மட்டும் இருக்கிறது. ஆனால் யார் வீட்டில் என்ன தேவை என்று கம்பிக்காரனுக்கு அறிவிப்பது அவன்தான். வேலை செய்வதற்காகக் கம்பியை நிறுத்துவதானால் நாலு நாள் முந்தியே கடிதம் வரும்.

இரண்டாவது குளிர்ப்பெட்டி இல்லை. சுடுதண்ணீர், சமையல் இரண்டும் காஸ். பிரதான சுவிட்ச் கட்டடத்துக்கு வெளியே ஒரு பெட்டியில் இருக்கிறது. சாவி நிர்வாகத்திடம். கேட்டுப் பார்க்கிறேன்.

கரண்ட் போவதில்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்குள், பெப்ரவரி ஒன்பதாம் திகதி இலங்கை முழுக்கக் கரண்ட் இல்லை, காரணம் உபமின் நிலையத்துக்குள் பாய்ந்த ஒரு குரங்கு என்று இங்கத்தைய செய்தியிலும் வந்துவிட்டது. சுகந்தன் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் அவனிடம்தான் விளக்கம் கேட்டார்களாம். நம்முடைய ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வந்தது? சரியான நேரத்தை எழுதுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. இருவரும் வெயிலில் திரியாதீர்கள்.

அஞ்சலினா

*

திருகோணமலை
24.03.2025

அன்பின் அஞ்சலினா,

நீயும் பிள்ளையும் சுகம் என்று அறிந்து சந்தோஷம். நாங்களும் அப்படியே.

குரங்கு செய்தது நாடு முழுதுக்கும் பொது. அதை நம்முடைய லைனின் கணக்கில் சேர்க்கக்கூடாது. பின்னேரமே வந்துவிட்டது. அன்று அண்ணி முற்றத்தில் கதிரை போட்டு, பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து அந்தக் குரங்குக்கு வேலை கொடுத்தது எந்தக் கட்சி என்று விசாரித்துக்கொண்டிருந்தா. எனக்குக் கேட்கவில்லை. அவவின் கையைப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

ஏணி இல்லாதவனுக்குக் காசு கட்டுவது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இருந்தாலும் இரண்டு விபரத் தாளையும் கணக்குப் பார்த்தேன். உன் பில்லில் கூடின அலகு பகலிலும் இரவிலும் ஒரே விகிதத்தில் கூடியிருக்கிறது. அப்படியானால் நாள் முழுக்க ஒரே விலைக்காரன்தான் உனக்கு லாபம். இப்போதைய கம்பனியைவிட ஆறில் ஒரு பங்கு குறையும். மாறிவிடு.

ஆனால் காரணம் இன்னும் அகப்படவில்லை. இரவும் பகலும் ஒரே அளவாக ஓடுவது இயற்கையில்லை. மனிதர் படுப்பார்கள், எழும்புவார்கள், சமைப்பார்கள், மீற்றரும் அதோடு ஏறி இறங்கும். நான் சேவையில் இருந்தபோது ஒரு விதவை வீட்டில் இதே மாதிரிக் கண்டேன். கூரைக்கு மேலால் வயர் இழுத்து மூன்று வீட்டார் அவவின் மீற்றரில் இருந்தார்கள். உன் கட்டடத்தில் யாரும் அப்படிச் செய்கிறானா என்று பார்க்க வேண்டும். சாவியை வாங்கிச் சுவிட்சை இறக்கிப் பார்.

இந்தக் கிழமை மீன் மலிவு. கொட்பே மீன்துறையில் ஐஸ் இல்லாமல் வள்ளக்காரர் பாரையைக் கரையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். அண்ணி மூன்று கிலோ வாங்கிக் கருவாடு போட்டா.

உன் அறைக்கு நிலம் பூசியாயிற்று.

அண்ணன்,
லெஸ்லி

*

டண்டினோங்
27.04.2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துகள். நாங்கள் சுகம். போன ஞாயிறு பெருநாள் பூசைக்குப் போனேன். கோவில் நிறையச் சனம். பாட்டுக் குழுவில் பாதிப் பேர் நம்முடைய ஊர்ப் பிள்ளைகள்.

கம்பனியை மாற்றவில்லை. உங்கள் கணக்கைச் சுகந்தனுக்குக் காட்டினேன், சரி என்றான். ஆனால் இந்தக் கம்பனியிடம் என்னுடைய ஒரு கடதாசி இருக்கிறது. மாறினால் புதியவனிடம் அதைத் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும், அது போய்ச் சேரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்த இடைவெளி எனக்கு வேண்டாம். ஆறில் ஒரு பங்கு போகட்டும். சுகந்தனோடு இதைப் பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம். பிறகு அவனும் விட்டுவிட்டான்.

சுவிட்ச் இன்னும் இறக்கவில்லை. வசதிப்படவில்லை.

கொட்பேயில் ஐஸ் ஏன் இல்லை? எத்தனை நாள்?

இந்தக் கடிதத்தை வியாழக்கிழமை தொடங்கினேன், இன்று முடிக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. அண்ணி எனக்காகக் கருவாடு வைத்திருக்க வேண்டாம், அவ சாப்பிடட்டும்.

அஞ்சலினா

*

திருகோணமலை
20.05.2025

அன்பின் அஞ்சலினா,

நாங்கள் சுகம். உன் கடிதம் நன்றாகச் சுருங்கிவிட்டது. குளிரில் கை விறைக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்டது ஒரு மணித்தியால வேலை. நாலு மாதமாகச் செய்யவில்லை. சின்ன வயதில் நீ இப்படி இல்லை. கணக்குப் பிழைத்தால் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை சாப்பிட வரமாட்டாய். பில் இரண்டு மடங்காகிறது, காரணம் தெரியாது, மலிவான கம்பனியும் வேண்டாம், சுவிட்சும் இறக்க ஏலாது. கடதாசி என்று எழுதுகிறாய், என்ன கடதாசி என்று எழுதவில்லை.

சுவிட்ச் வேண்டாம். உங்கள் ஊர் மீற்றர் அரை மணிக்கு ஒருதரம் தானாகவே கணக்கு அனுப்புமென்று அஷ்ரப் சொன்னான், அவன் அதைப் பற்றி ஒரு வகுப்புக்குப் போய் வந்தவன். அந்த அரைமணிக் கணக்கைக் கேட்டால் தருவார்களாம். எடுத்து அனுப்பு. மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

ஐஸ் ஆலையில் ஏதோ மெஷின் பழுது. இரண்டு நாளில் சரி.

அறை வேலை முடிகிறது. நேற்று அஷ்ரப் வந்து அளந்தான். கம்பத்திலிருந்து உன் சுவருக்கு முப்பத்திரண்டு மீற்றர், புதுக் கம்பம் தேவையில்லை. படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேன். பாவனையாளர் பெயர் எழுதும் இடத்தில் உன் முழுப் பெயர். செப்டம்பரில் கொடுத்தால் டிசம்பருக்குள் மீற்றர் வந்துவிடும்.

எனக்குக் காது போனதிலிருந்து அண்ணியும் நானும் ஒரு நாளைக்குப் பத்து வசனம் கதைப்பதில்லை. அவவுக்குக் கத்த அலுப்பு. நீ வந்தால் எழுதியாவது காட்டுவாய்.

அண்ணன்,
லெஸ்லி

*

டண்டினோங்
06.07.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். வீட்டில் வேலை இருந்தது. சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்த அரைமணிக் கணக்கை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பில்லைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம் அண்ணா. கட்ட முடிகிறது, கட்டுகிறேன்.

படிவத்தைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். வருகிற விஷயத்தை மாரிக்கு முதல் எழுதுகிறேன்.

அஞ்சலினா

*

டண்டினோங்
13.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகந்தன். மாமாவும் மாமியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் மே மாதக் கடிதத்தில் கேட்ட தாள்களை இதில் வைத்திருக்கிறேன். பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து ஜூன் முப்பதாம் திகதிவரை, ஒரு நாளுக்கு நாற்பத்தெட்டு இலக்கம்.

அம்மா ஒரு விஷயத்தை மாமாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறா. அதனால் நான் சொல்ல மாட்டேன். இந்தத் தாள்களைப் பற்றி அவ ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. இதில் இலக்கம் மட்டும்தான் இருக்கிறது.

மாமா எப்படிப் பார்ப்பார் என்று அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறா.

அன்புடன்,
சுகந்தன்

*

திருகோணமலை
03.09.2025

அன்பின் தங்கச்சி,

சுகந்தன் அனுப்பிய தாள்கள் ஓகஸ்ட் நாலாம் திகதி கிடைத்தன. அவனைக் கோபிக்காதே. வாக்கில் நின்றிருக்கிறான்.

நூற்றைம்பது நாள், ஏழாயிரத்து இருநூறு இலக்கங்கள். ஒரு மாதம் எடுத்துப் பார்த்தேன். கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன். பிழை என்றால் திருத்து.

வீட்டில் எல்லாரும் படுத்திருக்கும் நேரத்திலும் உன் மீற்றர் அரை மணிக்கு 0.17க்குக் கீழே இறங்குவதில்லை. குளிர்ப்பெட்டி என்றால் ஓடி ஓடி நிற்கும், இது நிற்கவில்லை. கசிவு என்றால் ஒரு நாளும் நிற்காது. இது சில நேரம் நிற்கிறது. பெப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, ஒவ்வொன்றிலும் காலை ஒன்பதரைக்கு 0.03க்கு இறங்கி, பன்னிரண்டுக்குத் திரும்ப ஏறியிருக்கிறது. நீ பூசைக்குப் போய் வரும் நேரம். நீ வீட்டில் இருந்தால் ஓடுகிறது, வெளியே போனால் நிற்கிறது. ஆகவே இது வீட்டுக்காக ஓடும் பொருளில்லை, உனக்காக ஓடுவது.

ஏப்ரல் ஆறாம் திகதியிலிருந்து ஒரு ஞாயிறும் இறங்கவில்லை. இருபதாம் திகதி, பெருநாளன்றும் இறங்கவில்லை. அந்தப் பூசையையும் பாட்டுக் குழுவையும் நீ இருந்த இடத்திலிருந்து எழுதியிருக்கிறாய்.

ஜூன் ஒன்பதாம் திகதி காலை பத்தரைக்கு இறங்கியது. இருபத்தோராம் திகதி பின்னேரம் நாலரைக்கு ஏறியது. நடுவில் பதின்மூன்று நாள் வீட்டில் குளிர்ப்பெட்டியும் சுகந்தனும் மட்டும். நீ ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாய். எனக்கு ‘வீட்டில் வேலை’ என்று எழுதினாய்.

லிங்கநகரில் கனகம்மா இருக்கிறா, அண்ணியோடு படித்தவ. நெஞ்சு வருத்தத்துக்கு ஒட்சிசன் எடுக்கும் மெஷின் ஒன்று வைத்திருக்கிறா என்று தெரியும். போன சனிக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷினின் பின்பக்கத் தகட்டில் 350 வாற் என்று இருந்தது. தகட்டை நம்பிப் பழக்கமில்லை. மற்ற எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, மீற்றருக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். அண்ணி மணிக்கூட்டைப் பார்த்தா, நான் தட்டின் சுற்றை எண்ணினேன். ஒரு மணித்தியாலத்தில் 204 சுற்று. அந்த மீற்றரில் 600 சுற்று ஒரு அலகு. கணக்குப் பார்த்தால் 0.34. உன் அரை மணி 0.17.

உன் கம்பனியிடம் இருக்கும் கடதாசி, இந்த வீட்டில் ஒட்சிசன் மெஷின் ஓடுகிறது, சொல்லாமல் கரண்டை நிறுத்தாதே என்று டொக்டர் கையெழுத்து வைத்ததுதான் என்றும், சுவிட்ச் ஏன் இறங்கவில்லை என்றும் இப்போது விளங்குகிறது. கரண்டை நிறுத்து, நிறுத்து என்று உனக்கு நாலு மாதம் எழுதியிருக்கிறேன்.

நீ மட்டும் மறைக்கவில்லை. கரண்ட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஜனவரியில் கேட்டாய். மிகக் குறைவு என்று எழுதினேன். எழுதிய அன்றே ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன், பழக்கதோஷம். பெப்ரவரி ஐந்து முதல் ஓகஸ்ட் முப்பத்தொன்று வரை, இந்த ஒழுங்கையில்: இருபத்தேழு தரம். மொத்தம் ஐம்பத்தெட்டு மணித்தியாலம் பத்து நிமிடம். குரங்கின் நாளில் ஆறு மணித்தியாலம், அதையும் சேர்த்திருக்கிறேன். மார்ச்சில் ஐஸ் இல்லாமல் போனதும் இதனால்தான். ஆகக் கூடினது ஜூன் ஆறாம் திகதி, சோளகக் காற்றில் வாகை மரம் லைனில் விழுந்து பதின்மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம். அறிவித்து நிறுத்தியது நாலு தரம். மிச்சம் அறிவிப்பில்லை. யாரையும் குறை சொல்ல ஏலாது. உப்புக் காற்று, மரம், காகம். பேரைப் பதிந்து வைத்தாலும் மரம் பேர் பார்த்து விழாது. கொப்பியின் பிரதி இதோடு இருக்கிறது.

நீ வர வேண்டும் என்பதற்காக மறைத்தேன். வேறு காரணம் இல்லை.

வேறு வழி இருக்கிறதா என்றும் பார்த்தேன். பற்றரி வைத்தால் ஐந்து மணித்தியாலம் ஓடும் என்கிறான் அஷ்ரப். ஜெனரேட்டர் வாங்கலாம். ஆனால் யாராவது அதைப் போட வேண்டும். கரண்ட் போனால் ஒட்சிசன் மெஷின் கத்துமாம். கனகம்மா சின்னச் சிலிண்டரைப் பூட்டிக்கொண்டு, எனக்குக் காட்டுவதற்காகச் சுவிட்சை இறக்கினா. நான் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணி தோளில் தட்டிய பிறகுதான் அது கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அண்ணி உன் அறை வாசல் படியேற மூன்று நிமிடம் எடுக்கிறா.

படிவம் மேசையில் இருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் உன் பெயர் இருக்கிறது. கொடுக்கச் சொன்னால் நாளைக்கே கொடுப்பேன், எல்லாம் செய்வேன். வேண்டாம் என்றால் கிழிப்பேன். இரண்டு கணக்கும் இப்போது உன்னிடம் இருக்கின்றன, உங்கள் ஊர்க் கம்பியுடையதும் எங்கள் ஊர்க் கம்பியுடையதும். தெரிவு உன்னுடையது.

இனிமேல் கடிதத்தில் ‘சுகம்’ என்று எழுதாதே. இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று கனகம்மா விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறா. அதன் இலக்கத்தை எழுது.

அண்ணன்,
லெஸ்லி

*

டண்டினோங்
28.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்று காலை, கதிரையில் இருக்கும்போது, மெஷின் இல்லாமல் 88. மெஷினோடு 94. மெஷின் இல்லாமல் குசினிவரை நடந்து திரும்பினால் 81.

உங்கள் கணக்கில் பிழை ஒன்றுமில்லை. நுரையீரல் தடித்துக்கொண்டு வருகிறதாம். அதற்கு மருந்து இல்லை, மெதுவாக்கும் குளிசை இருக்கிறது. மெஷின் வந்தது போன ஒக்டோபரில். விமானத்தில் ஏற விடமாட்டேன் என்று டொக்டர் சொன்னது ஏப்ரலில்.

ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டொக்டரின் முதல் கடிதமும் அறைக்கு அத்திவாரம் போட்டதாக நீங்கள் எழுதிய கடிதமும் ஒரே கிழமை வந்தன. அத்திவாரத்தோடு நிற்பாட்டலாம் என்று எழுதப் பேனை எடுத்தேன். பிறகு சுவர் வந்தது, கூரை வந்தது, யன்னல் வந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் நான் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிபோனேன். கரண்ட் எப்படி என்று கேட்டது சும்மா இல்லை. நல்லது என்று நீங்கள் எழுதினபோது நம்பினேன். குரங்குக்குப் பிறகு பாதி நம்பினேன். பாரை மீன் மலிவு என்றபோது விளங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த கடிதத்திலும் கேட்டேன்.

உங்கள் கொப்பியின் பிரதியைச் சுகந்தன் இரண்டு தரம் வாசித்தான். மொத்தத்தை அவனும் கூட்டிப் பார்த்தான். ஐம்பத்தெட்டு பத்து, சரி.

இந்தக் கம்பனியிலேயே இருக்கிறேன். சுகந்தன் போன கிழமை போன் பண்ணி, அந்தக் கடதாசி இன்னும் அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது. கம்பிக்காரனிடமும் இருக்கிறது. இங்கேயும் மரம் விழும். அதற்காக ஒரு பெரிய சிலிண்டர் அறை மூலையில் நிற்கிறது. மெஷின் கத்தினால் சுகந்தனுக்குக் கேட்கும்.

நீங்களும் எனக்குச் சுகம் என்று எழுத வேண்டாம். இரத்த அழுத்தம் எவ்வளவு, சீனி எவ்வளவு, அண்ணி மூன்று நிமிடத்தில் ஏறுவது எத்தனை படி என்று எழுதுங்கள்.

அறையைப் பூட்டி வைக்காதீர்கள் அண்ணா. பூட்டி வைத்தால் ஒவ்வொரு கிழமையும் நீங்கள்தான் திறந்து கூட்டுவீர்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற தாதிப் பிள்ளைகள் அந்தப் பக்கம் அறை தேடித் திரிவார்கள். யாராவது ஒருவருக்கு வாடகைக்குக் கொடுங்கள். எழுதிக் காட்டப் பொறுமையுள்ள பிள்ளையாகப் பாருங்கள். படிவத்தைக் கிழிக்க வேண்டாம். என் பெயரை வெட்டிவிட்டு, மீற்றரை அந்தப் பிள்ளையின் பெயரில் எடுங்கள்.

உங்கள் தங்கை,
அஞ்சலினா